மூடி கழற்றாமல் ஓடிய டேப்

கணவர் ரபேல் இறந்து மூன்று மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலை, மகதலேனா பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்துக் கடைவீட்டு மாடியிலிருந்த அவருடைய வீடியோ ஸ்டுடியோவைத் திறந்தாள். பூட்டிக் கிடந்த அறையில் ஈரச் சுவரின் வாடை. அதற்கடியில், மெலிதாக, அவர் பூசிக்கொள்ளும் கோலோன் சென்ட்டின் வாடை.

மறுநாள் கிள்ளான் தேவாலயத்தில் மகள் விவியனுக்குக் கல்யாணம்.

"போட்டோகிராபர் வராரும்மா. போன்லயும் எடுப்பாங்க. உனக்கு எதுக்கு லா அந்தப் பழைய கேமரா?" என்று போனில் கேட்டாள் விவியன்.

"இருவத்தஞ்சு வருஷம் உங்கப்பாவுக்கு டேப் ரெடி பண்ணிக் கொடுத்தவ நான். ஒரு கல்யாணமாச்சும் நான் எடுக்க வேணாமா?"

டேப்பைத் தயார் செய்வது அவள் வேலை. கேமராவைத் தொட மட்டும் ரபேல் விட்டதே இல்லை. ஒருமுறை தொட்டதற்கு, அவள் விரல்மேல் கதவைச் சாத்தியவர் அவர்.

புது டேப்பின் உறையைக் கிழித்துக் கேமராவில் போட்டாள். கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றினாள். பல வருடம் இறுகிக் கிடந்த நாடா தளரவேண்டும். பிறகு லென்ஸ் மூடியைக் கழற்றாமல், சத்தம் எதுவும் பதியாதபடி மைக் துளையில் வெறும் பிளக்கைச் செருகி, ரெக்கார்ட் பொத்தானை அமுக்கினாள். ஒரு மணி நேரம் வெறும் கறுப்பு மட்டும் பதிந்தால்தான், மறுநாள் டேப்பின் நேரக்கணக்கு எங்கும் அறுபடாமல் ஓடும்.

முடிந்ததும் கேமராவைக் கையிலெடுத்து, அதன் சிறு திரையில் டேப்பை ஓட்டிப் பார்த்தாள். திரை முழுக்கக் கறுப்பு. சத்தம் இருக்கக்கூடாது.

இருந்தது.

மூச்சு. சளி கட்டி, இழுத்து இழுத்து விடும் மூச்சு. ஆஸ்பத்திரியில் ரபேலின் கடைசி வாரம் முழுக்க அவள் கேட்ட அதே மூச்சு.

"கீழ வை."

அவள் கேமராவை இறுக்கிப் பிடித்தாள்.

"தொடாத. கீழ வை."

கோலோன் வாடை நெருங்கி வந்தது. சன்னல் சாத்தியிருந்தும் அவள் பிடரியில் ஈரக்காற்று பட்டது.

முப்பது வருடமாக அவரை 'நீங்க' என்றே கூப்பிட்டது அவள் வாய்.

"நீ செத்துட்ட," என்றாள் மகதலேனா. "போய்ப் படு. இது என் டேப்."

டேப்பை ஆரம்பத்துக்குச் சுற்றி, அந்தக் குரலின்மேலேயே மறுபடி கறுப்பைப் பதிவு செய்தாள். ஒரு மணி நேரமும் கேமராவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அதை முறைத்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை டேப்பில் மூச்சில்லை.

மறுநாள் தேவாலயத்தில் அவள் கேமராவை ஒருமுறைகூடக் கீழே வைக்கவில்லை.

ஞாயிறு மதியம், தன் சுங்கை வே வீட்டில், விவியனை உட்கார வைத்து டேப்பை டிவியில் போட்டாள். மோதிரம் மாற்றினார்கள். பூத் தூவினார்கள். விவியன் சிரித்தாள்.

சட்டென்று படம் இடறியது.

தேவாலயம்தான். ஆனால் கடைசி வரிசையிலிருந்து எடுத்த படம். மங்கலாக, நடுவில் ஒரு பெண்ணின் முதுகு. கல்யாணத்துக்கு மகதலேனா உடுத்திய அதே நீலப் புடவை. முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்த கேமரா.

"அம்மா..." விவியன் கிசுகிசுத்தாள். "அது நீதானே? அப்போ இத எடுக்கறது யாரு?"

மகதலேனா டிவிக்கு அருகே போய் நின்றாள். கண்ணை எடுக்கவில்லை.

"நல்லாப் பாத்துக்கோ," என்றாள் திரையைப் பார்த்து, ரபேலிடம். "நான்தான் எடுக்கிறேன். உனக்கு ஃபோகஸ்கூட சரியா வரல."

திரையில், யாரோ ஃபோகஸைச் சரிசெய்தாற்போல், அந்த முதுகு மெல்ல, மெல்லத் தெளிந்தது.