உள்ளே இருப்பவர்கள்: 0

பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று இருந்தது. அருணா கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் லேப்டாப்பைப் பார்த்தாள். 'உள்ளே இருப்பவர்கள்: 1.'

ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்தரை. ஓசூர் தொழிற்பேட்டையில் பக்கத்து ஆலைகளின் பிரஸ் மிஷின்கள் ஓய்ந்திருந்ததால், மற்ற நாட்களில் காதில் விழாத தகரக் கூரைத் தூறலும், பெங்களூர் சாலையில் லாரிகள் கியர் மாற்றும் முனகலும், எங்கேயோ ஒரு குழாய் சொட்டுவதும் தனித்தனியாகக் கேட்டன. எதிரே ஆளுயரக் கம்பிவலைக் கூண்டு. அதற்குள் மஞ்சள் ரோபோ கை தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. வேறு யாருமில்லை. உள்ளே வரும்போதுகூடக் காவலாளி நாராயணப்பன் நோட்டை நீட்டிக் கேட்டிருந்தார்.

"எத்தினி பேரும்மா உள்ள?"

"நான் ஒருத்திதாண்ணா."

"ஆறு மணிக்குப் பூட்டிடுவன், சொல்லிட்டன்."

ரோபோ கைகளை இயக்கும் மென்பொருளை விற்கும் கம்பெனி அது. வாங்குகிற ஆலைகளின் புரோகிராமர்களுக்காகக் கையேடு எழுதிப் பராமரிப்பது அருணாவின் வேலை. கையேட்டை எந்தப் புண்ணியவானும் படிப்பதில்லை. அதிலுள்ள உதாரணத்தை எடுத்து அப்படியே தங்கள் மிஷினில் ஒட்டிக்கொள்வார்கள். அதனால் அவள் ஒரு விதி வைத்திருந்தாள். எந்த உதாரணமானாலும் இந்தக் கூண்டில் ஓட்டிப் பார்த்து, வந்த முடிவைத்தான் பக்கத்தில் போட வேண்டும், கையால் தட்டக் கூடாது.

அந்த விதியை ஒரே ஒரு முறை மீறினாள். போன வருடம் ஆயுத பூஜைக்கு எல்லா மிஷினுக்கும் பொட்டு வைத்தவர்கள், கூண்டுக்குள் ஆள் இருக்கிறதா என்று பார்க்கும் சென்சாரின் கண்ணிலும் சந்தனத்தை அப்பிவிட்டார்கள். அது அந்தச் சந்தனத்தை ஆள் என்று எண்ணி, காலிக் கூண்டுக்கு 'ஒன்று' காட்டியது. மறுநாள் காலை கையேடு வெளியாக வேண்டும். ஏணி தேடிப் போய்த் துடைக்கச் சோம்பல். எண்ணிக்கை எப்போதும் பூஜ்யம் என்று உதாரணத்திலேயே ஒரு வரி எழுதி, வந்த முடிவை ஒட்டினாள். பிறகு எடுத்துவிடலாம் என்றிருந்தாள். எடுக்கவில்லை.

ஜனவரியில் சூளகிரிப் பக்கம் ஒரு ஆலையில் அந்த உதாரணம் ஓடிக்கொண்டிருந்தது. எண்ணெய் துடைக்கக் கூண்டுக்குள் போன, பேரிகை ஊரைச் சேர்ந்த முனிவேலை மிஷின் ஆளாகவே எண்ணவில்லை; ரோபோ கை அடித்துச் செத்தார். செத்தவர் மேலேயே கவனக்குறைவு என்று பழி போட்டார்கள். செய்தி கேட்ட அன்றே அருணா அந்த வரியை எடுத்துவிட்டு, மாற்றப் பட்டியலில் 'எழுத்துப்பிழை திருத்தம்' என்று போட்டாள். அன்றிலிருந்து அவளுக்குச் சரியான தூக்கமில்லை. நாளைக்குக் கோர்ட். முனிவேலின் மனைவி வெள்ளையம்மா பழைய பக்கங்களைக் கேட்டிருந்தாள். புருஷன் மேல் தப்பில்லை என்று அவள் சொல்வது உண்மை என்பதற்கு அந்தப் பக்கத்தை விட்டால் வேறு சாட்சி இல்லை.

போன் அடித்தது. மேலாளர் சுரேந்தர்.

"பழசத் தூக்கிட்டியாம்மா?"

"சார், சென்சார் ஒன்னு காட்டுது. கூண்டுல யாருமில்ல."

"இந்த வருசப் பூஜைச் சந்தனமா இருக்கும், தொடச்சுக்கலாம். மொதல்ல பழசத் தூக்கு. அது இருந்துச்சுன்னா நீயும் நானுந்தான் பதில் சொல்லணும்."

"சரிங்க சார்."

நிச்சயமாக அழிக்கவா என்று திரை கேட்டது. பாவம் என்று தெரிந்தது. பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. ஆம் என்று அழுத்தினாள்.

உதாரணத்தை மறுபடி ஓட்டினாள். ஒன்று.

ரோபோவின் சாவியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். சாவி இல்லாமல் அது அசையாது. லேப்டாப்பைக் கூண்டுப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, கூண்டுக் கதவைத் திறந்து, ஸ்டூலைப் போட்டு ஏறினாள். உள்ளே மிஷின் எண்ணெய் வாசனை. அதற்கு அடியில் வேர்வையும் பீடியும் கலந்த, நாள் முழுக்க வேலை செய்த ஒரு சட்டையின் வாசனை. சென்சாரின் கண்ணைத் துணியால் துடைத்தாள். துணி வெள்ளையாகவே இருந்தது. கண்ணாடியில் ஒரு துளி சந்தனம்கூட இல்லை.

வலைக்கு அந்தப் பக்கம் லேப்டாப் தெரிந்தது.

உள்ளே இருப்பவர்கள்: 2.

அவள் இறங்கவில்லை. திரும்பவும் இல்லை. முதுகுக்குப் பின்னால் துணியால் இரும்பைத் துடைக்கும் சத்தம். நிதானமாக. சரக். சரக். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

"நாராயணப்பண்ணா!"

வாசலில் டார்ச் வெளிச்சம். வந்துவிட்டார். அழுகை முட்டியது. வலையைப் பிடித்து உலுக்கினாள், கத்தினாள். அவர் கூண்டை நேராகப் பார்த்தார். அவள் முகத்தில் வெளிச்சம் விழுந்து கண் கூசியது. பிறகு லேப்டாப் பக்கம் குனிந்தார்.

எண் மாறியிருந்தது. 0.

அவர் போனைக் காதில் வைத்தார்.

"லேப்டாப்பு மட்டும் இருக்குதுங்க சார். உள்ள யாரும் இல்லீங்க."

விளக்கை அணைத்தார். ஷட்டர் இறங்கியது.

துடைக்கும் சத்தம் நின்றது. சாவி அவள் கைக்குள்தான் இருந்தது. இருட்டில் ரோபோ கையின் பச்சை விளக்கு எரிந்தது. கை மெல்ல நிமிர்ந்தது. அவள் பக்கம் திரும்பியது.