பன்னிரண்டு வோல்ட்

இந்தக் காலத்து ஆட்களோடு வாய் திறந்து ஒரு கதை கதைக்க முடியாது. சட்டைப் பைக்குள் போனை ஓடவிட்டுக்கொண்டு வந்து, "சுகமா காக்கா?" என்று கேட்பார்கள். நாமும் வயிற்றில் கிடப்பதைக் கொட்டுவோம். அடுத்த நாள் நம்முடைய குரலே தேநீர்க் கடையில் நம்மைக் காட்டிக்கொடுக்கும். முந்தி ஒருவனைக் கவிழ்ப்பதென்றால் முகத்துக்கு நேரே வந்து நின்று கவிழ்ப்பார்கள். அதில் ஒரு மரியாதையாவது இருந்தது.

அதனால்தான் ஊருக்கெல்லாம் காக்காவான, அதாவது அண்ணனான, கலீலுர் றஹ்மான், கடைக்கு எவர் வந்தாலும் முதலில் போனை மேசையில் வைக்கச் சொல்வார். உட்துறைமுக வீதியில் நாற்பது வருடமாகப் பற்றரி சார்ஜ் போடுகிறவர். வாசிக்க அவ்வளவாக வராது. ஆனால் பற்றரியின் இரண்டு முனையிலும் வெறும் உள்ளங்கையை வைத்துக் காட்டி, "பாத்தியா? பன்னிரண்டு வோல்ட் ஆளைக் கொல்லாது" என்று சொல்ல வரும்.

அன்று பின்னேர அஸர் தொழுதுவிட்டு வந்து ஷட்டரைத் தூக்கும்போது றுவைஸ் அழைத்தான். ஏழு படகுக்குச் சொந்தக்காரன். எப்போதும் கத்தித்தான் பேச்சைத் தொடங்குவான். அன்று கத்தவில்லை.

"காக்கா, பழைய படகு ஜெட்டிக்கு வாங்க. கார் செத்துப் போச்சு. கதவும் திறக்குதில்ல. நான் உள்ளுக்க."

"கரண்டுக் கார் எண்டு ஊரெல்லாம் பீத்தித் திரிஞ்சாய். இப்ப என்ன, கரண்டு வெட்டா?"

வேறு நாளென்றால் சிரித்திருப்பான். "பெரிய பற்றரி ஃபுல்லா இருக்கு. மற்றச் சின்னன்தான் படுத்திட்டு." குரலைத் தாழ்த்தினான். "அத எடுத்திட்டன், காக்கா."

அவனுடைய குரலுக்குப் பின்னால் தண்ணீர் தளம்பியது. கடல் இரைச்சல் அல்ல. வாளிக்குள் யாரோ கையை விட்டு மெல்ல அளைவது போல, மிகப் பக்கத்தில். கண்ணாடி மூடிய காருக்குள் ஏது தண்ணீர்? போன் பழுது என்று கலீலுர் றஹ்மான் முடிவு செய்தார்.

'அத' என்றால் எந்தப் பற்றரி என்று இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்பு சல்லிக் கிராமத்தைச் சேர்ந்த கிருஷாந்த், றுவைஸின் படகில் தனியே கடலுக்குப் போனான். படகு விளக்கு அணைந்து, இருட்டில் வந்த பெரிய படகொன்று அவன்மேல் ஏறிப் போனது. விசாரணையில் றுவைஸ், "குடிச்சிட்டு விளக்க நூத்துப்போட்டுப் படுத்திருப்பான்" என்றான். கலீலுர் றஹ்மான், "வல்லாஹி, நான் குடுத்தது புதுப் பற்றரி" என்று அல்லாஹ்மேல் சத்தியம் செய்தார். ஒரு சொட்டும் குடித்தறியாதவனைக் குடிகாரன் என்ற பெயரோடு எரித்தார்கள். அவனுடைய மனைவி கஜந்தி விடவில்லை. அலைந்து அலைந்து, ஜெட்டியில் சீல் வைத்துக் கிடக்கும் உடைந்த படகையும் அதன் பற்றரியையும் மறுபடி சோதிக்க உத்தரவு வாங்கிவிட்டாள். நாளைக் காலை வருகிறார்கள். வந்து புது ஸ்டிக்கரை நகத்தால் உரித்தால் போதும். அடியில் எட்டு வருடப் பழைய ஸ்டிக்கர் இருக்கும். செத்த பற்றரிக்குப் புது அசிட் ஊற்றிப் புதுத் தாள் ஒட்டியவர் கலீலுர் றஹ்மான். தெரிந்தே வாங்கிப் படகில் வைத்தவன் றுவைஸ்.

கிருஷாந்துக்கும் சந்தேகம் இருந்தது. கடலுக்குப் போன அன்று பின்னேரம் பற்றரியைச் சுமந்துகொண்டு கடைக்கு வந்தான். விரலை மடக்கி மொழியால் அதன் பக்கத்தில் மூன்று தரம் தட்டி, காது வைத்துக் கேட்டான். எந்தப் பற்றரியை எடுத்தாலும் அவனுக்கு அந்தப் பழக்கம்.

"இது பிடிக்குதில்லக் காக்கா. மாத்தித் தாங்கோ. இருட்டுக்க என்னை ஒருத்தருக்கும் தெரியாது."

"என்னடா தட்டுறாய், பலாப்பழமா? போய் வேலயப் பார்."

அவன் போனான்.

கலீலுர் றஹ்மான் சார்ஜ் ஏறிய பற்றரி ஒன்றையும் ஜம்பர் வயரையும் த்ரீவீலில் ஏற்றிக்கொண்டு சீனன்குடா வீதியால் போய், எண்ணெய்த் தாங்கிகள் மரங்களுக்கு மேலால் தெரியும் வளைவில் கடலை நோக்கி இறங்கும் கிறவல் பாதையில் திரும்பினார். வெயில் இன்னும் சாயவில்லை. காய்ந்த பாசியின் நாற்றமும் பழைய டீசல் நாற்றமும் சூட்டில் எழும்பி மூக்கில் ஒட்டின. மல்லாந்து கிடந்த சிமெந்துக் கட்டைகளில் காகங்கள் வரிசையாக இருந்தன. ஒன்றும் கரையவில்லை, எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. அந்தப் பக்கத்தில் வெள்ளைக் கார் நின்றது. அதற்கு இருபது அடி தள்ளி, வயிறு பிளந்த படகு. அதன் கம்பத்தில் விளக்கு மூடி தூசியேறி இருந்தது. வயர் இரண்டும் அறுந்து காற்றில் தொங்கின.

காரைச் சுற்றி நிலம் வறண்டு வெடித்திருந்தது. ஆனால் கண்ணாடியின் உள்பக்கம் கீழ்ப்பாதி வேர்த்திருந்தது. றுவைஸ் சாரதி ஆசனத்தில் இரண்டு காலையும் மேலே தூக்கி, கோழி அடை கிடப்பது போலக் குந்தியிருந்தான். களுசான் முழங்கால்வரை சுருட்டி இருந்தது.

போனைக் காதில் வைத்தபடி அவரைப் பார்த்தான். அவரும் எடுத்தார்.

"உள்ளுக்க இழுக்கிற வயர் இருக்குமே?"

"இழுத்தன். கையோட வந்திட்டு."

"கண்ணாடிய உடைக்கவா?" ஸ்பானரைத் தூக்கிக் காட்டினார்.

"ஐயோ! ஸீற்றுப் பொலித்தீன் கூடக் கழட்டாத கார் காக்கா. ஸ்பானரக் கீழ வைங்க. பொனற்றத் திறந்து விடுறன்."

பழைய றுவைஸ்தான். கலீலுர் றஹ்மானுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. பொனற்றைத் தூக்கினார். இவ்வளவு பெரிய காருக்கு, ஒரு ஓரத்தில் பிரட்டுத் துண்டு அளவில் ஒரு பற்றரி. அது இல்லையென்றால் கதவில்லை, கண்ணாடியில்லை, ஒன்றுமில்லை. மீற்றரை வைத்தார். எவ்வளவு செத்த பற்றரியிலும் மூன்று நான்கு மிச்சமிருக்கும். இதில் சுழியம்.

தன்னுடைய பற்றரியில் வைத்தார். பன்னிரண்டு புள்ளி ஏழு. அதை இறக்கி வைத்து, சிவப்பைச் சிவப்பிலும் கறுப்பை இரும்பிலும் கொளுவினார்.

பன்னிரண்டு. பத்து. ஏழு. அவர் பார்த்துக்கொண்டிருக்க, ஓட்டை வாளியில் தண்ணீர் போவது போல மீற்றரில் இலக்கம் இறங்கியது. இப்படி ஓடினால் வயர் கொதிக்க வேண்டும். தொட்டார். ஐஸ்போலக் குளிர்ந்தது. விரலில் ஈரம் பட்டது. நாக்கில் வைத்தார். உப்பு.

இலக்கம் சுழியத்துக்கு வந்தபோது உடைந்த படகின் கம்பத்தில் என்னமோ மினுங்கியது. விளக்கு மூடிக்குள், மஞ்சளாக, ஒரு புழு அளவு.

வெயில் கண்ணாடியில் பட்டுத் தெறிக்கிறது என்றார் தனக்குத்தானே. த்ரீவீலின் பற்றரியைக் கழற்றிக்கொண்டு வந்து அதையும் கொளுவினார். அதுவும் குடிபட்டது, முந்தியதைவிட வேகமாக. மஞ்சள் இப்போது முழு விளக்காக எரிந்தது. அறுந்த வயர் இரண்டும் காற்றில் ஆடின.

"காக்கா." போனில் றுவைஸின் குரல் ஒரு முழம் கீழே இறங்கியிருந்தது. "பின்னால பொலித்தீன் சரசரக்குது."

"பின்னுக்கு என்ன இருக்கு?"

"அதான் இருக்கு. படகுப் பற்றரி. அது மட்டுந்தான் வெச்சன்."

பின்கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தார். ஆசனத்தில் பாசி பிடித்த கறுப்புப் பெட்டி. அதன் பக்கத்துப் பொலித்தீனில் ஒரு குழி. ஆள் குந்தினால் விழுகிற குழி.

டொக். டொக். டொக்.

விரல் மொழியால். பற்றரியில்.

கலீலுர் றஹ்மான் காரைவிட்டுப் பின்வாங்கினார்.

"கேட்டிச்சா? கேட்டிச்சா காக்கா?" றுவைஸ் அழுதான். "காலடியில தண்ணி நிண்டது. நான் பயத்தில சொன்னன், கிருஷாந்து குடிக்கல்ல, நான்தான் பொய் சொன்னனான் எண்டு. சொன்ன உடன தண்ணி இறங்கிச்சு. பிறகு திரும்ப ஏறுது. இப்ப உங்கட வாயப் பாத்துக்கொண்டிருக்கான். பற்றரி பழுதெண்டு உங்களுக்குத் தெரியும்தானே. அத மட்டும் சொல்லுங்க."

சொல்ல வாய் திறந்தார். ஒரு வரி. அவ்வளவுதான். அப்போது றுவைஸின் காதோடு ஒட்டியிருந்த போனைக் கண்டார். அதன் வெளிச்சம் அவனுடைய கன்னத்தில் விழுந்திருந்தது.

ஓ.

அப்படியா கதை.

நாளைக்கு அதிகாரிகள். இன்றைக்குப் போன். வாளித் தண்ணீர். ஒரு லைற். கொஞ்சம் அழுகை. கிழவன் சொல்வான், இவன் போனில் குரலைப் பதிந்துகொள்வான். பிறகு எல்லாம் கிழவன் தலையில். ஏழு படகுக்காரன் வெளியே, பற்றரிக்காரன் உள்ளே.

"என்ன மடயன் எண்டு நினைச்சியா?"

"காக்கா, இடுப்புக்கு வந்திட்டு."

"பற்றரி நல்லது."

கண்ணாடியில் வேர்வை ஒரு சாண் ஏறியது. பச்சையாக இருந்தது.

"உடைங்க! கண்ணாடிய உடைங்க காக்கா!"

ஸ்பானரை எடுத்து ஒரு அடி போட்டார். கண்ணாடிச் சத்தம் வரவில்லை. ஆழத்தில் ஒரு படகின் வயிற்றில் இடித்தது போல, மந்தமாக, நீளமாக ஒரு சத்தம். கை தோள்வரை விறைத்தது. உள்ளே இருந்து பதில் வந்தது.

டொக். டொக். டொக்.

ஸ்பானர் விழுந்தது.

"பிள்ளையள் இருக்கு காக்கா. ஒரு சொல்லு. நான் பதியல்ல, அல்லாஹ்வுக்காக, நான் பதியல்ல..."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்றது."

"காக்கா..."

"வல்லாஹி. நல்ல பற்றரி."

போனில் ஒன்றும் இல்லை. தளம்பல். பிறகு அதுவும் இல்லை.

அவர் குனிந்து வயரைக் கழற்றினார். கார்ப் பற்றரியின் முனையையும் கழற்றினார்; இனி எரிவதற்கு அதில் எதுவும் இல்லை. த்ரீவீலின் பற்றரி செத்துவிட்டது. வண்டியைக் கையால் இழுத்துக் கிளப்பிப் பார்க்க அவர் நிற்கவில்லை. தன்னுடைய பற்றரியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிறவலில் நடந்தார். பத்தடி போய் ஒரு தரம் திரும்பினார்.

காருக்குள் லைற் எரிந்தது.

கூரைவரை பச்சைத் தண்ணீர். வெளியே ஒரு சொட்டுக் கசியவில்லை. பொலித்தீன் உறை கழன்று உள்ளே மெல்ல மெல்லச் சுழன்றது. சாரதிக் கண்ணாடியில் றுவைஸின் கன்னம் அமுங்கி, ஒரு கண் திறந்திருந்தது. பின் ஆசனத்தில் ஒருவன் நிமிர்ந்து குந்தியிருந்தான். தண்ணீரில் அவனுடைய தலைமயிர் மட்டும் அசைந்தது. மடியில் கறுப்புப் பெட்டி. முகம் றுவைஸின் பக்கம் இல்லை.

ஏசி நீராவி, என்றார் கலீலுர் றஹ்மான். புதுக் கார்களில் அப்படித்தான் பிடிக்கும். நாளைக்கு இதே றுவைஸ் தேநீர்க் கடையில் நின்று சிரிப்பான், கிழவனைப் பேய்க்காட்டினேன் என்று.

நடந்தார். கக்கத்துப் பற்றரி பாரித்தது. சட்டை விலாப்பக்கம் நனைந்தது. அவர் கடந்த இடமெல்லாம் காய்ந்த கிறவலில் சொட்டுச் சொட்டாக ஈரம் விழுந்து வந்தது. காகங்கள் இப்போது அவரைப் பார்த்தன.

டொக். டொக். டொக்.

கக்கத்துக்குள். விலா எலும்போடு ஒட்டி.

"பன்னிரண்டு வோல்ட்," என்றார், நடையை நிறுத்தாமல். "ஆளைக் கொல்லாது."