பெட்டிக்குள் ஈரம்

மாசி மாதத்து வெள்ளிக்கிழமை. உத்திரமேரூர் பஜாரில் தன் ஜெராக்ஸ் கடை ஷட்டரைப் பிரபா பாதிதான் தூக்கியிருந்தாள். அதற்குள் ஒரு பெண் குனிந்து உள்ளே வந்துவிட்டாள்.

“மாடியில கீற போலீஸ்காரம்மாவைப் பாக்கணும். எம் புருசன நேத்து சாயங்காலம் இட்டுக்கினு போனாங்க. இன்னும் வுடல.”

மாடியில் இருப்பவர் மார்த்தாள். கைரேகைப் பிரிவில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிரபா கடையை அப்படியே மூடிவிட்டு அந்தப் பெண்ணை மேலே அழைத்துப் போனாள். இதற்கு முன்னும் இரண்டு மூன்று விவகாரங்களில் அவள் மேடத்தோடு சுற்றியிருக்கிறாள். கடையை விட அதில்தான் ருசி அதிகம்.

வந்தவள் பெயர் முனியம்மாள். திருப்புலிவனத்துக்கு வெளியே இருளர் குடியிருப்பு. கணவன் ரங்கன் எலி பிடிப்பவன். விஷம் எடுக்கும் சங்கத்துக்குப் பாம்பும் பிடித்துக் கொடுப்பான். நேற்று பகல் பதினொரு மணிக்கு அவ்வூர் நிலத்துக்காரர் ராஜாராம் தன் மோட்டார் கொட்டகையில் மரப்பெட்டிக்குள் கைவிட்டபோது கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிறார். பாம்பைப் பெட்டிக்குள் விட்டது ரங்கன்தான் என்று ஊரே பேசுகிறது.

“போன மாசம் அந்த ஐயா இவர வரப்புல ஏறாதன்னு திட்டுனாரு. அதுக்குப் போயி பாம்ப வுடுவாரா? பாம்பு எங்களுக்குச் சோறும்மா.”

மார்த்தாள் காபித் தம்ளரைக் கீழே வைத்தார். “செத்த பாம்பை நீ பார்த்தியா?”

“வேலியில தொங்கவுட்டுகீறாங்க. பாத்தேன். கழுத்துக்குக் கீழ செதிலு சுத்தி வர வழண்டிருந்திச்சி. ஊதா நூலு ஒண்ணு ஒட்டிக்கினு இருந்திச்சி. அது நைலான் வலையில மாட்டுன பாம்பும்மா. இவரு கையால புடிப்பாரு. ஒரு செதிலு நகராது.”

பிரபாவின் ஸ்கூட்டியில் அவளும் மார்த்தாளும் திருப்புலிவனம் போனார்கள்.

மோட்டார் கொட்டகைக்குத் தகரக் கூரை. பத்து மணிக்கே உள்ளே அடுப்படி போலக் காந்தியது. சப்-இன்ஸ்பெக்டர் இருசப்பன் மார்த்தாளை அறிந்தவர். வியர்வையைத் துடைத்தபடி விளக்கினார்.

“கணக்கு நேரா கீது மேடம். பெட்டியில அருவா, ஸ்பேனர், பெரியவரோட வெத்தலப் பை. தெனமும் பதினொரு மணிக்கு மோட்டார நிறுத்திட்டு வெத்தல போடுவாரு. காலையில ஏழேகாலுக்கு இந்து, கூலிக்கு வர்ற பொண்ணு, இதே பெட்டிக்குள்ள கைய வுட்டு அருவா எடுத்துக்கினு மூடியிருக்கா. ஒண்ணும் ஆவல. அப்படின்னா பாம்பு அதுக்கப்புறம்தான் வந்திருக்கணும். அதுக்கப்புறம் இந்தப் பக்கம் வந்தது ரங்கன் மட்டுந்தான். ஒன்பதரைக்குக் கடப்பாரையும் சாக்குமா நின்னத ஏகாம்பரம் பாத்திருக்காரு.”

ஏகாம்பரம் பக்கத்து நிலத்துக்காரர். கூப்பிடாமலே வந்து வேலியோரம் நின்றுகொண்டிருந்தார். வாய்க்கால் தண்ணீருக்காக ராஜாராமோடு அவருக்குப் பேச்சே இல்லை என்று முனியம்மாள் சொல்லியிருந்தாள். பிரபா அவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவரும் அவளைப் பார்ப்பதும் திரும்பிக்கொள்வதுமாக இருந்தார்.

“என் வரப்புல எலி தோண்டச் சொல்லி நான்தான் வரச் சொன்னேன்” என்றார் தானாகவே. “அதுக்காக என்னையும் சேக்காதீங்க.”

மார்த்தாள் இந்துவைத் தனியாக அழைத்தார். “அருவா எடுக்கும்போது கையில வேற எதுவாவது பட்டுதா? யோசிச்சுச் சொல்லு.”

“பட்டுதுக்கா. பழைய சைக்கிள் டியூபு. சுருட்டி வெச்சிருந்தாங்க. சில்லுனு ஈரமா இருந்திச்சா, கைய பொடவையில தொடச்சிக்கினேன்.”

“பெட்டியில டியூபு எதுவும் இல்லியே” என்றார் இருசப்பன்.

இந்து தன் கையையே பார்த்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மார்த்தாள் பெட்டிக்குள் விரல்களால் தடவினார். காய்ந்த மரம், பழைய கிரீஸ். கூரையில் ஓட்டை இல்லை. தண்ணீர்க் குழாய் பத்தடி தள்ளி இருந்தது. கொட்டகை வாசலில் நின்று சாலையைப் பார்த்தார். வீட்டிலிருந்து பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழி அந்தக் கொட்டகையைத் தொட்டுக்கொண்டுதான் போனது.

“ஏகாம்பரம்தானே மேடம்?” என்று பிரபா காதருகே கேட்டாள்.

“முதல்ல அந்த வூட்டம்மாவைப் பார்ப்போம்.”

ராஜாராமின் மனைவி பவளம் அழுது முகம் வீங்கியிருந்தாள். பிள்ளையில்லாத வீடு. ராஜாராமின் இறந்துபோன தம்பியின் மகன் மோகன்குமாரை ஏழு வயதிலிருந்து அவள்தான் வளர்த்தாள். அவன் இப்போது முப்பது வயது ஆள். வந்தவர்களுக்கு அவனே நாற்காலி போட்டான்.

“ரங்கன வுட்றாதீங்க மேடம். நான் ஊர்ல இருந்திருந்தா பெரிப்பாவ உடனே தூக்கிக்கினு ஓடியிருப்பேன். ஏழு மணி பஸ்ல காஞ்சிபுரம் போயிட்டேன். கலெக்டர் ஆபீஸ்ல டைம் போட்டுக் குடுத்த டோக்கன்கூட கீது.” கேட்பதற்கு முன்பே டோக்கனை எடுத்து நீட்டினான்.

மார்த்தாள் அதை வாங்கவில்லை. பவளத்தின் பக்கம் திரும்பி, “நேத்து காலையில வீட்டுல வழக்கத்துக்கு மாறா ஏதாவது நடந்துதா?” என்று கேட்டார்.

“இன்னா நடந்திச்சி... காலமே புடிச்சி எல்லாம் பேஜார்தான். மொதநாள் சாயங்காலம் கறந்த பால பிரிட்ஜ்ல வெச்சிருந்தேன். பதினொரு மணி வாக்குல தயிருக்குக் காய்ச்சுனா திரிஞ்சிப் போச்சி. பிரிட்ஜ் கெட்டுப் போச்சுன்னு நெனச்சேன். ஆனா மாவு புளிக்கல, கொத்தமல்லி வாடல. அந்த நேரத்துலதான் ஆளு ஓடியாந்து...” முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

மார்த்தாள் சமையலறைக்குப் போய்க் குளிர்பெட்டியைத் திறந்தார். மேலே ஐஸ் கல்லாக இறுகியிருந்தது. கொல்லைப்பக்கம் கோழிக்கூண்டைச் சுற்றி ஊதா நிற நைலான் வலை. ஒரு முழ அகலத்துக்கு அதைக் கத்தியால் வெட்டி எடுத்திருந்தது.

“இதை யாரு வெட்டினது?”

“மோகன்தான். கிழிஞ்சிருக்குன்னு புதன்கிழம வெட்டுனான்.”

மார்த்தாள் பிரபாவிடம் மெல்லச் சொன்னார்: “மூடி போட்ட டப்பா ஒண்ணு இங்க எங்கயோ இருக்கும். மூடியில ஓட்டை இருக்கும். கண்டா கையால தொடாதே.”

பிரபா மாட்டுக்கொட்டகை, விறகுக் குவியல், எருக்குழி எல்லாவற்றையும் பார்த்தாள். முக்கால் மணி நேரம் கழித்து, கொட்டகைக்குப் போகும் வழியோரத்து வைக்கோல் போருக்கு அடியில் கிடைத்தது: பெரிய முறுக்கு டப்பா. பழைய துண்டு ஒன்றில் சுற்றியிருந்தது. மூடியில் ஆணியால் குத்திய எட்டு ஓட்டைகள். அவள் தொடாமல் மேடத்தைக் கூப்பிட்டாள்.

எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்தார்கள். இருசப்பன் நின்றார். ஏகாம்பரம் வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை.

“நீங்க போட்ட கணக்குல ஒரே ஒரு தப்பு, சார்” என்றார் மார்த்தாள். “இந்து கைவிட்டப்ப ஒண்ணும் ஆகல, அதனால பாம்பு இல்லன்னு முடிவு பண்ணீங்க. பாம்பு இருந்துது. அவ தொட்டது அதைத்தான்.”

“தொட்டா வுடுமா மேடம்? கண்ணாடி விரியன் குக்கர் மாதிரி சீறுமே!”

“உடம்புல சூடு இருந்தா சீறும். பாம்புக்குச் சொந்தச் சூடு கிடையாது. சுத்தி இருக்கிற சூடுதான் அதுக்கும். நல்லா குளிர வெச்சா சீறாது, நகராது. சரி, காஞ்ச பெட்டிக்குள்ள ஈரம் எப்படி வந்துது? பிரிட்ஜ்லேர்ந்து பாட்டிலை வெளிய வெச்சா மேல முத்து முத்தா தண்ணி பூக்குமே, அதே ஈரம். பாம்பு அப்படித்தான் வேர்த்திருந்துது. மாசி மாசத்து விடியக்காலைப் பனி அவ்வளவு குளிராது. ராத்திரி முழுக்க அது பிரிட்ஜ்லதான் இருந்துருக்கு.”

பவளம் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“அப்புறம் வெயில் ஏறிச்சு. தகரக் கூரை சுட்டுது. பதினொரு மணிக்கு அதுக்கு முழு உயிர் வந்துடுச்சு. கடிச்ச நேரத்துல வெச்சவன் வேற ஊர்ல டோக்கனோட உட்கார்ந்திருக்கலாம்.”

“பிரிட்ஜ் எங்க ஊர்ல நூறு வூட்டுல கீது” என்றான் மோகன்குமார். குரல் சற்று உயர்ந்திருந்தது.

“ஆனா பால் திரிஞ்சது இந்த வீட்டுல மட்டும். மாவு கெடல, கொத்தமல்லி வாடல. பால் மட்டும் ராத்திரி வெளிய இருந்திருக்கு. கீழ்த்தட்டுல அந்தக் குண்டான் இருந்த இடம் வேற எதுக்கோ வேணுமாயிருந்துது. ஏழு மணிக்குள்ள டப்பாவை எடுத்துட்டுக் குண்டானைத் திரும்ப உள்ள வெச்சாச்சு. ரங்கனுக்கு இந்த வீட்டுச் சமையலறைக்குள்ள வர வழியில்ல. ஏகாம்பரத்துக்கும் இல்ல. பவளம்மா செஞ்சிருந்தா பால் திரிஞ்சதை அவங்களே சொல்லியிருக்க மாட்டாங்க. டப்பா இப்ப சார்கிட்ட இருக்கு. அதுல இருக்கிற ரேகையைப் படிக்க எனக்குப் பத்து நிமிஷம் போதும்.”

மோகன்குமார் டோக்கனைக் கசக்கிக்கொண்டிருந்தான். “நெலத்த வாங்கி பிளாட் போட ஆளு வந்து நிக்கிறாங்க. என் பங்கும் அதுல கீது. ரெண்டு வருசமா பெரிப்பாகிட்ட ஒரே ஒரு கையெழுத்து கேட்டேன்...”

பவளம் எழுந்து அவன் முன்னால் வந்து நின்றாள். அடிப்பாள் என்று பிரபா நினைத்தாள். அடிக்கவில்லை.

“அஞ்சு மணிக்கு மாவு எடுக்க பிரிட்ஜ தொறந்தேன். கீழத் தட்டுல துண்டு போட்டு மூடியிருந்திச்சி. பால் குண்டான்னு நெனச்சி, நல்லா உள்ள போவட்டும்னு கையால தள்ளி வெச்சேன்டா. நான் துண்ட எடுத்திருந்தா?”

அவன் தலை நிமிரவில்லை. இருசப்பன் அவன் தோளைத் தொட்டார்.

மாலையில் மார்த்தாளும் முனியம்மாளும் காத்திருக்க, ஸ்டேஷனில் ரங்கனை வெளியே விட்டார்கள். ஒல்லியான மனிதன், கன்னத்தில் வீக்கம். அது எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. இருசப்பன் மேஜையில் இருந்த ஒரு ஃபைலை அவசியமில்லாமல் புரட்டிக்கொண்டிருந்தார். ராஜாராம் கண் விழித்துவிட்டார் என்று செங்கல்பட்டிலிருந்து போன் வந்திருந்தது. எழுத்தர் தாளை நகர்த்தி மை டப்பாவைத் திறந்து வைத்தார்.

“கை நாட்டு வெச்சிட்டுக் கெளம்புப்பா.”

ரங்கன் மையைப் பார்த்தான். பிறகு மார்த்தாளைப் பார்த்தான்.

“இதுல இன்னா எழுதிக்கீதும்மா?”

மார்த்தாள் தாளை எடுத்து ஒரு வரி விடாமல் சத்தமாகப் படித்தார். ‘சந்தேகத்தின் பேரில்’ என்ற இடத்தில் முனியம்மாள் கையை நீட்டித் தடுத்தாள். அந்த வரிக்குக் கீழே, அவன் மேல் குற்றம் இல்லை என்று இருசப்பன் தன் கையாலேயே எழுதிச் சேர்க்கும்வரை அவள் கையை இறக்கவில்லை.

ரங்கன் மை டப்பாவை மூடி ஒதுக்கினான்.

“பேனா குடுங்க சார். எனக்குக் கையெழுத்து வரும்.”