கந்தம்மாள் பெயருக்கு வைத்த விரல்

கணினியை அணைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போன தேவிப்ரியா திரும்பி வந்தபோது, அது விழித்திருந்தது. திரையில் 'வாங்க கந்தம்மாள்' என்றிருந்தது.

வெண்ணந்தூர் நெசவாளர் சங்கக் கூடத்தில் கணினி அமைத்துத்தர வந்த அவளுக்கு இது மூன்றாவது நாள். கணினியைத் தொட்டே அறியாத நாற்பது உறுப்பினர்களுக்கும் பொதுவாக ஒன்றே ஒன்று. கடவுச்சொல் யாருக்கும் நினைவில் நிற்காது, பெருவிரலை வைத்தால் ஆளைப் படம் பிடித்து அவரவர் பெயரில் திறக்கவேண்டும் என்று ஏற்பாடு. சொல்ல நன்றாகத்தான் இருந்தது. கூடம் முழுக்கக் கஞ்சிப்பசையும் சாயமுமாக மணக்க, சுவருக்கு அப்பால் விசைத்தறிகள் தடதடத்து மண்டையைப் பிளக்க, வந்தவர்கள் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்ததில் பாதிப் பேருக்கு ரேகையே பதியவில்லை.

"நூல் புடிச்சே தேஞ்சு போச்சுங்க. மெசினு என்னங்க பண்ணும்?" என்றார் சங்கச் செயலாளர் சண்முகவேல்.

இன்று மாலைக்குள் எல்லார் ரேகையையும் பதிந்து ஒப்படைக்காவிட்டால் அவள் வேலை போய்விடும். இடுப்போ விட்டுப்போயிருந்தது. பதியாதவர்கள், வராதவர்கள் எல்லார் பெயருக்கும், அரிவாள்மனைத் தழும்பு ஓடும் தன் பெருவிரலையே வைத்துவிட்டாள். பிறகு வந்து மாற்றிக்கொள்ளலாம், இப்போதைக்குப் பட்டியல் நிறைந்தால் சரி.

"கந்தம்மாள்னு யாருங்க வந்தது?" என்று கேட்டாள்.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த சண்முகவேல் நிமிரவில்லை. "அந்தம்மா ஆடியிலயே போய்ச் சேந்துட்டாங்க சாமி. பேரெடுக்க மறந்துட்டனுங்க. நீங்களே அழிச்சுடுங்க, தபால் ஆபீசு வரைக்கும் போயிட்டு வாரேன்."

சனியன், இதுவும் என் தலையில்தானா என்று சலித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாற்காலி சூடாக இருந்தது. பெயரை அழிக்கப் போனால், அந்தப் பெயருக்குப் பதிந்த விரலை வைக்கச் சொன்னது. வைத்தாள்.

'ரேகை இல்லை.'

புடவையில் துடைத்து மறுபடி வைத்தாள்.

'ரேகை இல்லை.'

மின்சாரம் போயிற்று. தறிகள் ஒரேயடியாக அடங்கின. பேட்டரியில் கணினி மட்டும் முனகிக்கொண்டிருந்தது. கஞ்சி வாசம் கிட்டே வந்தது. கழுத்துக்குப் பின்னால்.

கைப்பேசியை எடுத்து விரலை வைத்தாள். அதுவும் திறக்கவில்லை. திரை வெளிச்சத்தில் விரலைப் பிடித்துப் பார்த்தாள்.

வழவழப்பு. ஒரு கோடில்லை. எட்டு வயதிலிருந்து இருந்த தழும்பும் இல்லை.

யாரும் தொடவில்லை. ரேகைக் கருவியில் பச்சை விளக்கு எரிந்தது.

'வாங்க கந்தம்மாள்.'

திரையில் படம் விரிந்தது. நாற்காலியில் தேவிப்ரியா. அவள் தோளுக்கு மேலாக நீண்ட ஒரு கிழக் கை. சாயமேறிய நகங்கள். கருவியில் ஊன்றியிருந்த அந்தப் பெருவிரலில், குறுக்கே, அவளுடைய தழும்பு.