சுண்ணாம்பு படாத மூலை

எண்பத்து நாலாம் வருஷத்து ஆவணி மழை... இத்தனை காலம் கழித்தும் லூர்துமேரிக்கு அது நேற்றுப் பெய்தது போலத்தான். கடத்தூர்ப் பக்கம் அவள் வீட்டு வாசலில் தொப்பலாக நனைந்து நின்றான், மலேரியாவுக்கு வீடு வீடாக ரத்தம் எடுக்க வரும் சவுரியப்பன். உள்ளே அவள் குளிர்க் காய்ச்சலில் வெடவெடத்துக்கொண்டிருந்தாள்.

விரலில் குத்தினான். ரத்தம் வரவில்லை. மறுபடி குத்தினான். ம்ஹூம்!

"ஏங்க, இது வெரலுங்களா, தையல் துணிங்களா?"

"கோவிச்சுக்காதீங்க. குளுருக்குத் தோலுக்கடியில இருக்கற பொடி ரத்தக் குழாயெல்லாம் சுருங்கிக்கும். ஒடம்பு சூட்டை உள்ளயே காப்பாத்திக்குதுங்க. தேய்ச்சா விரியும்."

அவள் விரலைத் தன் உள்ளங்கைகளுக்குள் வைத்துத் தேய்த்தான். என்ன கண்கள் அவை... இமையில் மழை சொட்டச் சொட்ட! குண்டுமணியாய் ஒரு துளி ரத்தம் வந்தது. கூடவே அவள் முகமும் குப்பென்று சிவந்தது.

"அட, மொகத்துல தேய்க்காமயே விரிஞ்சிருச்சு!"

பக்கத்தில் நின்ற அம்மா களுக்கென்று சிரித்துவிட்டாள். லூர்துமேரிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"வந்த வேலயப் பாத்துட்டு வூட்ட விட்டுக் கெளம்புங்க!"

அவன் முகம் வாடிப்போயிற்று. வந்துபோனதற்கு அடையாளமாக, வழக்கப்படி வாசல் சுவரில் பென்சிலால் தேதியும் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போனான்.

அப்புறம் பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருவான். "காய்ச்சல் இருக்குங்களா?" என்பதோடு சரி, நிமிர்ந்தும் பார்க்க மாட்டான். "இல்லீங்க" என்பாள். மன்னிப்புக் கேட்க வாய் வராது. 'மாதாவே, சின்னதா ஒரு காய்ச்சல் குடுத்தா என்ன கொறஞ்சா போயிடுவ?' பாவி மனசு...

கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்னால் வந்தான். "ஓசூருக்கு மாத்திட்டாங்க. இதான் கடைசிக் கையெழுத்துங்க."

பென்சிலோடு திரும்பியவன் அப்படியே நின்றான். வீடு முழுக்கப் புதுச் சுண்ணாம்பு. அவன் போட்ட எட்டுக் கையெழுத்துகள் இருந்த மூலை மட்டும் அப்படியே பழைய சுவர்.

"இந்த எடத்த ஏங்க விட்டுட்டீங்க?"

"சுண்ணாம்பு... பத்தலீங்க."

சொன்னது வாய்தான். மார்கழிக் குளிரிலும் காது மடல் வரை கொதித்தது. துரோகி ரத்தக் குழாய்கள்! அவன் பார்த்துவிட்டான். இந்த முறை கேலி செய்யவில்லை.

இன்னும் ரோஷம் பார்த்தால் ஆள் ஓசூர் போய்விடுவான்...

"பொய்யிங்க. சுண்ணாம்பு ஒரு சட்டி மீதி இருக்குது. உங்க கையெழுத்த அழிக்க எனக்கு மனசு வரலீங்க. அன்னிக்குப் பேசுனத மனசுல வச்சுக்கிட்டு என்ன விட்டுட்டுப் போயிடாதீங்க."

அவள் விரல்களை அவன் மெல்லப் பிடித்தான்.

"இந்தக் குளுருல எப்படிங்க கை இப்படிச் சுடுது?"

"நீங்க வாசல்ல வந்து நின்னா, எப்பவுமே இப்படித்தாங்க."