கழுத்து மூடாத ஸ்வெட்டர்

நேற்று மணிக்கட்டு அளவோடு நிறுத்திய ஸ்வெட்டர் கை, இன்று மூன்று விரற்கடை கூடியிருந்தது. கவிதா பிரித்தாள், மறுபடி பின்னினாள். அடுத்த நாளும் அதே கதை. எலி கடிக்கும், சரி. எந்த எலி ஸ்வெட்டர் பின்னும்?

ஆம்பிளைகளுக்கு அவள் டேப் பிடித்து அளவெடுப்பதில்லை. மார்புக்கும் கைக்கும் முடிச்சுப் போட்ட நூல், ஆளுக்கு ஒன்று, சுவர் ஆணிகளில் தொங்கும். இது புருஷன் பூபதிக்குப் பின்னுவது; அவன் நூலை வைத்துப் பார்த்தாள். ஒட்டவில்லை. அடுத்த ஆணியில் கொழுந்தன் அர்த்தனாரியின் நூல். முடிச்சுக்கு முடிச்சு அச்சாகப் பொருந்தியது.

அர்த்தனாரி செத்து ஒரு வருஷம்.

போன மார்கழியில் நெஞ்சுச் சளியோடு தினமும் கேட்டான். "அண்ணி, குளுருதுங்க. என்ற ஸ்வெட்டரு எப்பங்க முடியும்?"

"அடுத்த வாரம் சாமி" என்பாள். அவனுக்கென்று பின்னியதையெல்லாம் வாசலூர்பட்டிப் படகுத்துறையில் வெளியூர்க்காரர்களுக்கு விற்றாள். கடைசியில் கோணிச்சாக்கைப் போர்த்தியபடி விறைத்துக் கிடந்தான். என்ன மனசோ அவளுக்கு!

சாயங்காலம் மூடுபனி சில்வர் ஓக் மரங்களை மறைத்துவிட்டு ஓட்டுச் சந்து வழியே உள்ளே இறங்க, ஈரக் கம்பளி நாற்றத்துக்கு நடுவே, அடுப்பில் கொதிக்கும் மரவள்ளிக்கிழங்கின் சத்தத்தோடு சேர்ந்தும் பிரிந்தும், யாரோ கரகரவென்று மூச்சு இழுப்பது கேட்டது.

பூபதி குளிரில் நடுங்கிக்கொண்டே வந்தான். "குடு புள்ள, போட்டுப் பாக்கறேன்."

"வேண்டாமுங்க! சொன்னாக் கேளுங்க. பிரிச்சுப் போடறேன்."

"அட, சும்மா இரு."

ஆளுக்குப் போட்டுப் பார்த்த பிறகே கழுத்தை முடிப்பது அவள் வழக்கம். மூன்று பின்னல் ஊசி கழுத்தின் நூல் கண்ணிகளில் கோத்திருந்தன, நான்காவது அவள் கொண்டையில் செருகியிருந்தது. பூபதி தலையை நுழைத்தான்.

தலை வெளியே வரவில்லை.

"கவிதா... இழு..."

ஓடினாள். இழுத்தாள். கம்பளி அசையவில்லை. ஊசிகளை உருவப் போனாள். உருவவில்லை. அவள் விரல்கள் தாமாகவே கொண்டையில் இருந்த நான்காவது ஊசியை எடுத்துப் பின்னின. இரண்டு கண்ணி சேர்ந்து ஒன்றானது. இன்னும் இரண்டு. ஐயோ, நிறுத்த முடியவில்லை. கழுத்து வட்டம் சுருங்கியது. ஸ்வெட்டரின் நீளக் கைகளுக்குள் மாட்டிய பூபதியின் கைகள் அவளை அடித்தன.

பிறகு அடிக்கவில்லை.

கம்பளிக்குள்ளிருந்து நிதானமாக ஒரு குரல் வந்தது. "அண்ணி, இப்பத்தான் கதகதன்னு இருக்குதுங்க. மூடிருங்க."

கவிதா கதறிக்கொண்டே கடைசிக் கண்ணியைப் போட்டாள். பூபதிக்கு எட்டாத அந்த நீளக் கைகளின் முனையில், வெளிறிய பத்து விரல்கள் மெல்ல வெளியே வந்தன.