காயாத மஞ்சள்

பனிமூடிய காலை. விமானத்தின் ஜன்னலை இறுக மூடியிருந்தும் புது பெயிண்ட் வாசனை உள்ளே வந்தது. போன மாதத்திலிருந்து இந்த விமான நிலையத்தில் யாரும் பெயிண்ட் டப்பாவைத் திறக்கவில்லை என்பது கேப்டனுக்கு நன்றாகத் தெரியும். காரணமே அவர்தான்.

குளியலறை டைல்ஸ் விற்ற காசில் இரண்டு பேர் உட்காரும் விமானம் வாங்கி, நாற்பது மணி நேரம் பறந்ததுமே தோளில் நான்கு தங்கப் பட்டை தைத்துக்கொண்டவர். ஃப்ளையிங் கிளப்பில் எல்லோரும் அவரைக் கேப்டன் என்றே கூப்பிட்டார்கள். அதிலிருந்த சிரிப்பு அவருக்கு மட்டும் கேட்காது.

ரன்வே வாசலில், தரையின் குறுக்கே நான்கு மஞ்சள் கோடுகள் உண்டு. இரண்டு முழுக்கோடு, இரண்டு துண்டுக்கோடு. முழுக்கோடு உங்கள் பக்கம் இருந்தால் நின்று, கட்டுப்பாட்டு டவரில் அனுமதி கேட்க வேண்டும். துண்டுக்கோடு உங்கள் பக்கம் இருந்தால் நீங்கள் ரன்வேக்குள் இருக்கிறீர்கள். தாண்டி வெளியேற வேண்டும். சைக்கிள் ஓட்டுகிறவனுக்கே புரிந்துவிடும். கேப்டனுக்கோ அனுமதி கேட்பது கௌரவக் குறைச்சல்.

போன மாதம், இதே மாதிரி ஒரு பனிக்காலையில், மங்கிப்போன அந்தக் கோடுகளை முழங்காலிட்டுப் புதுப்பித்துக்கொண்டிருந்த பெயிண்டர் கையை உயர்த்திக் கத்தினான்.

"பெயிண்ட் இன்னும் காயல சார்! கொஞ்சம் நில்லுங்க!"

கேப்டன் நிற்கவில்லை. புரொப்பல்லரும் நிற்கவில்லை.

அவன் சாவின் விசாரணையில், "கோடு மங்கிக் கிடந்துச்சு, கண்ணுக்கே தெரியல" என்றார். மங்கிக் கிடந்ததால்தானே அவன் அங்கே இருந்தான் என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. விசாரித்த மூன்று பேர் வீட்டுக் குளியலறையிலும் அவர் கடை டைல்ஸ்.

"கேப்டன், கோட்டுல நில்லுங்க" என்றாள் இன்று ஹெட்போனில், டவரில் இருப்பவள். "பனியில ஒண்ணும் தெரியல. ஒரு விமானம் இறங்க வருது."

"எனக்கே பாடம் எடுக்கிறியாம்மா?"

பனிக்குள்ளிருந்து நான்கு கோடுகள் மெல்ல மேலெழுந்து வந்தன, ஈரமாக, பளபளவென்று. துண்டுக்கோடு அவர் பக்கம்.

திருப்பிப் போட்டிருக்கிறான், மடையன். சிரித்துக்கொண்டே தாண்டினார்.

இருபது அடி போனதும் மறுபடி நான்கு கோடுகள். துண்டுக்கோடு அவர் பக்கம். தாண்டினார். மறுபடி. பெடலை மிதித்து விமானத்தை வந்த வழியே திருப்பினார். அங்கேயும் நான்கு. அங்கேயும் துண்டுக்கோடு அவரைத்தான் பார்த்தது.

எந்தப் பக்கம் போனாலும் அவர் ரன்வேக்குள்தான்.

ஹெட்போனில் ஒரு சத்தம். சரக். சரக். தரையில் பிரஷ் இழுபடும் சத்தம். கழற்றினார். நிற்கவில்லை. எஞ்சினை அணைத்தார். புரொப்பல்லர் இரண்டு சுற்றுச் சுற்றி ஓய்ந்தது.

சரக். சரக்.

சக்கரத்துக்கு அடியில் எட்டிப் பார்த்தார். வெள்ளைப் பட்டை. ரன்வேக்குப் போகும் டாக்சிவே பாதையில் கோடெல்லாம் மஞ்சள். வெள்ளை, ரன்வேயில் மட்டும்தான்.

மடியில் கிடந்த ஹெட்போன் கத்தியது. "கேப்டன்! எங்க இருக்கீங்க?"

"கோ... கோட்டுக்கிட்ட."

"எந்தப் பக்கம்? எந்தப் பக்கம்னு சொல்லுங்க!"

சாவியைத் திருகினார். எஞ்சின் இருமியது. செத்தது. கதவுக்குப் பாய்ந்தார். கைப்பிடி வழுக்கியது. உள்ளங்கை முழுக்க மஞ்சள்.

நிமிர்ந்தார். முன்கண்ணாடியில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, அவர் கடை டைல்ஸ்கூட இவ்வளவு நேராக இருந்ததில்லை, இரண்டு முழுக்கோடுகள். விரலால் தொட்டார். ஈரம்.

உள்பக்கம்.

வாழ்நாளில் முதல்முறையாகக் கேப்டன் அனுமதி கேட்டார். "வெளிய போகணும்மா... அனுமதி குடும்மா..."

பதில் சொன்னது அவளல்ல.

"பெயிண்ட் இன்னும் காயல சார். கொஞ்சம் நில்லுங்க."

இரண்டு மஞ்சள் கோடுகளுக்கும் நடுவே, பனிக்குள், ஒரு வெள்ளை விளக்கு. சத்தமில்லாமல், கொஞ்சமும் விலகாமல், பெரிதாகிக்கொண்டே வந்தது.